பித்தளை வில்லையும் பதின்மூன்று டாலர் சம்பளமும்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துத் (1861–65) தனியார் நாணயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், சட்லர் டோக்கன்களுக்கு ஒரு நற்சான்று கொடுத்துவிடுவது வழக்கம். நாட்டில் சில்லறை மறைந்துபோயிற்று. படைப் பாளையத்தில் கடை போட்டிருந்த சட்லர் என்ற வணிகர், தம் பெயரையும் ரெஜிமென்ட்டின் பெயரையும் பொறித்துப் பித்தளையில் வில்லை அடித்துக்கொண்டார். வியாபாரம் தடையின்றி நடந்தது, வீரனுக்கு வேண்டியதும் கிடைத்தது. அரசு கைவிட்ட இடத்தில் ஒரு கடைக்காரரின் சமயோசிதம் கைகொடுத்தது என்று கதை முடிகிறது. இன்று அந்த வில்லைகள் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. ‘நெருக்கடிக் காலப் பணம்’ என்ற பெயரும் அவற்றுக்கு நிலைத்துவிட்டது.

இந்தக் கதையில் பாதி உண்மை. மற்ற பாதியை யாரும் போதிய அளவு சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு பணத்தை எடைபோட வேண்டுமானால் அதை வெளியிட்டவரின் தேவையைக் கேட்டால் போதாது. அதைக் கையில் வாங்கியவனுக்கு அது எங்கே செல்லும், எங்கே செல்லாது, வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்து வேறு பணமாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளோடு வடக்குப் படையின் சட்லர் வில்லைகளை அணுகினால் கிடைக்கிற தீர்ப்பு, வழக்கமான நற்சான்றுக்குப் பொருந்தவில்லை.

சட்லர் என்பவர் படையில் சேராதவர், ஆனால் படையோடு நகர்கிறவர். உரிமம் பெற்ற கடைக்காரர். அரசு வீரனுக்கு அளந்து கொடுத்தது உப்பிட்ட பன்றி இறைச்சி, பீன்ஸ், காப்பி, சர்க்கரை, ஹார்ட்டேக் எனப்பட்ட கடினமான பிஸ்கட். அதற்கு மேல் நாக்குக்கும் உடம்புக்கும் மனசுக்கும் வேண்டியதெல்லாம் சட்லரின் கூடாரத்தில்தான். அவர் எதை விற்கலாம் என்று 1862 மார்ச் 19ஆம் தேதிச் சட்டம் பட்டியலே போட்டது. ஆப்பிள், ஆரஞ்சு, எலுமிச்சை, அத்திப்பழம், வெண்ணெய், பாலாடைக்கட்டி, உலர்திராட்சை, மெழுகுவத்தி, செய்தித்தாள், புகையிலை, சுருட்டு, தீக்குச்சி, பல் தேய்க்கும் பிரஷ், சீப்பு, கைக்குட்டை, சவரக்கத்தி, சோப்பு, ஊசி, நூல், சட்டைப் பொத்தான், பென்சில் என்று நீளும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது, வீட்டை விட்டு வந்த ஓர் இளைஞனுக்கு என்னவெல்லாம் இல்லாமல் போயிருந்தது என்பது தெரிகிறது. மதுவுக்குப் பட்டியலில் இடமில்லை. ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஒரே சட்லர். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் படை அதிகாரிகள். வீரர்களுக்கு அதில் வாக்கு கிடையாது. முழு அளவில் ஒரு ரெஜிமென்ட் என்பது ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆயிரம் பேருக்கு ஒரு கடை.

அந்தக் கடையின் விலைக்கும் அந்த ஆயிரம் பேரின் வருமானத்துக்கும் உள்ள விகிதத்தை மனதில் வைக்காமல் வில்லையைப் பற்றிப் பேச முடியாது. 1864 ஜூன் வரை சாதாரணப் படைவீரனின் சம்பளம் மாதம் 13 டாலர். நாளொன்றுக்கு 43 சென்ட். மாசச்சூசெட்ஸ் பீரங்கிப் படையில் இருந்த ஜான் பில்லிங்ஸ் 1887இல் வெளியிட்ட நினைவுநூல் அந்தப் போரின் பாளைய வாழ்க்கைக்கு முதன்மையான சாட்சிகளுள் ஒன்று. வெல்லப்பாகில் செய்த பிஸ்கட் ஆறு கால் டாலர் என்று அவர் நினைவுகூர்கிறார். அரை நாளைக்கும் மேற்பட்ட ஊதியம் ஆறு பிஸ்கட்டில் போயிற்று. கறுப்பின வீரர்களின் நிலை இன்னும் கீழே. அவர்களுக்கு 10 டாலர் என்று சொல்லி, அதில் 3 டாலரை உடுப்புக்கென்று பிடித்துக்கொண்டு 7 டாலரே கையில் கொடுத்தார்கள். 1864இல்தான் அந்த அநீதி சட்டப்படி நீங்கத் தொடங்கியது. பிஸ்கட்டின் விலையோ எல்லோருக்கும் ஒன்றுதான்.

சில்லறைப் பஞ்சம் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் உண்மை உண்டு, அந்த உண்மையைக் குறைத்துக் காட்டும் எண்ணமும் எனக்கில்லை. 1861 டிசம்பர் கடைசியில் நியூயார்க் வங்கிகள் தாளுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. 1862 பிப்ரவரி 25இல் கிரீன்பேக் எனப்பட்ட பச்சைத் தாள்களை அரசு சட்டப்படியான பணமாக்கியது. தாளின் மதிப்பு தங்கத்துக்கு எதிராக இறங்க இறங்க, அந்த ஆண்டின் கோடையில் வெள்ளிக் காசுகளும் புழக்கத்திலிருந்து மறைந்தன. உருக்குவதற்கும் ஏற்றுமதிக்கும் பதுக்கலுக்கும் அவை போய்விட்டன. முதலில் அச்சான கிரீன்பேக்கில் மிகச் சிறியதே 5 டாலர்; ஒரு டாலர், இரண்டு டாலர் தாள்கள் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தன. 5 டாலர் தாளைச் சம்பளமாக வாங்கியவன் 10 சென்டுக்குப் புகையிலை கேட்டால் கடைக்காரர் மீதிக்கு எங்கே போவார்? மக்கள் தபால்தலைகளையே சில்லறையாக மாற்றிக்கொண்டார்கள். அவை விரலில் ஒட்டிக் கிழிந்தன. ஜான் கால்ட் என்பவர் தபால்தலையைப் பித்தளைச் சட்டத்துக்குள் வைத்து மைக்கா தகட்டால் மூடும் முறைக்கு 1862 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார். ஒரு நாடு இந்த அளவுக்கு இறங்கியிருந்தபோது பாளையக் கடைக்காரர் பித்தளை வில்லையை நாடியது குற்றமாகாது.

ஆனால் பஞ்சம்தான் காரணம் என்றால் காலக்கணக்கு அதற்கு ஒத்துவர வேண்டும். சட்லரின் கடன் வியாபாரம் சில்லறைப் பஞ்சத்துக்கு முந்தியது. வீரனின் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடனாக விற்கக் கூடாது, ரெஜிமென்ட்டின் உட்பிரிவான கம்பெனியின் தலைவர் எழுத்தில் அனுமதித்தால் பாதி வரை போகலாம் என்று, வெள்ளி மறைவதற்கு முன்பே படை விதிகள் வரம்பு கட்டியிருந்தன. வரம்பு கட்ட வேண்டிய அளவுக்கு அந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது என்றுதான் இதற்குப் பொருள். பஞ்சத்தின் மறுமுனையையும் பார்க்க வேண்டும். 1862 ஆகஸ்டிலேயே அரசு 5, 10, 25, 50 சென்ட் மதிப்புகளில் தபால் பணத்தாள்களை வெளியிடத் தொடங்கியது. சட்லர் வில்லைகளும் பெரும்பாலும் அதே நான்கு மதிப்புகளில்தான். தாள்கள் போதிய அளவில் வந்து சேர மாதங்கள் பிடித்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடைவெளிக்கு வில்லை தேவைப்பட்டது. நகரங்களில் பரவிய ஒரு சென்ட் தனியார் காசுகளின் கதையும் இப்படியே: செம்பும் நிக்கலும் கலந்த அரசு சென்டும் பதுங்கியபின் அவை பெருகின, 1864 ஏப்ரல் 22இல் புதிய வெண்கலச் சென்டும் அதே சட்டத்தில் தனியார் சென்டுக்குத் தடையும் வந்தபின் ஒழிந்தன. சட்லரின் கடன் கணக்கைப் பஞ்சத்தோடு பிறந்து பஞ்சத்தோடு போனதாகச் சொல்ல முடியாது. அதன் ஒரு கால் பஞ்சத்தில் இருந்தது. இன்னொரு கால் சம்பளப் பட்டியலில் இருந்தது.

தனியார் நாணயம் என்றாலே சுரண்டல் என்று முடிவு கட்டுகிறவனும் அல்ல நான். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் செல்ஜின் 2008இல் எழுதிய ‘குட் மணி’ என்ற நூல், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனில் வணிகரும் சுரங்க முதலாளிகளும் அடித்த செப்புக் காசுகள் அரசின் காசைவிடச் சிறந்தவை என்று வலுவாக வாதிடுகிறது. அந்த வாதம் எனக்குப் பெரும்பாலும் ஏற்புடையது. வேல்ஸில் ஆங்கில்சி தீவின் பாரிஸ் சுரங்க நிறுவனம் 1787இல் வெளியிட்ட பென்னியை எடுத்துக்கொள்வோம். ஆங்கில்சியிலோ லிவர்பூலிலோ லண்டனிலோ கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்குப் பணம் தருவதாக நிறுவனம் அந்தக் காசின் விளிம்பிலேயே வாக்குக் கொடுத்திருந்தது. அதை வாங்கிய தொழிலாளி எந்தக் கடைக்கும் போகலாம். கடைக்காரர் சேர்த்துவைத்து வெளியிட்டவரிடமே மாற்றிக்கொள்ளலாம். வேறொரு முதலாளியின் காசு மேலானதாக இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். அந்தக் காசுகளை நல்ல பணமாக்கியவை மூன்று: மாற்றித் தரும் வாக்கு, போட்டி, மறுக்கும் உரிமை.

சட்லர் வில்லையை இந்த மூன்றிலும் நிறுத்திப் பார்த்தால் ஒன்றிலும் தேறவில்லை. பக்கத்து ரெஜிமென்ட்டின் சட்லர் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஊர்க் கடையில் அது வெறும் பித்தளை. போட்டி என்பதைச் சட்டமே விலக்கி வைத்திருந்தது. மாற்றித் தரும் வாக்கு இருக்க வேண்டிய இடத்தில், இத்தனை சென்டுக்குச் சரக்கு என்ற வாசகம் இருந்தது. கையில் வில்லை வந்த நிமிடமே வீரனின் பணம் ஒரே கடையின் ஒரே விலைப்பட்டியலுக்கு உரியதாயிற்று. ரெஜிமென்ட் திடீரென்று நகர்ந்தாலோ, சட்லர் கடையை மூடிக்கொண்டு வடக்கே போனாலோ, வில்லை வைத்திருந்தவனுக்கு எஞ்சுவது உலோகம். அவன் இறந்துபோனால் பையில் கிடக்கும் வில்லைகள் சட்லரின் லாபக் கணக்கில் சேரும். போர்க்களத்தில் இதை அரிய விபத்து என்று தள்ளிவிட முடியாது. மாற்றித் தரும் வாக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நகரத்திலும் உதாரணம் உண்டு. நியூயார்க்கில் மதுக்கடை நடத்திய குஸ்தாவ் லிண்டன்முல்லர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஒரு சென்ட் காசுகளை வெளியிட்டார் என்றும், மூன்றாம் அவென்யூ டிராம் நிறுவனம் பயணிகளிடமிருந்து சேர்ந்தவற்றை மாற்றித் தரக் கேட்டபோது மறுத்துவிட்டார் என்றும் நாணய நூல்கள் பலவும் சொல்கின்றன. ஒரு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், பாளையத்தில் ஒரு சிப்பாய் என்ன செய்துவிட முடியும்?

சரக்கு என்ற வாசகத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சட்டத்தின் கதவு அங்கேதான் திறந்துகிடந்தது. 1862 ஜூலை 17ஆம் தேதிச் சட்டம், ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஒரு டாலருக்குக் குறைந்த மதிப்பில் பணமாகப் புழங்கும் நோக்கத்தோடு எந்தத் தனியாரும் நோட்டோ சீட்டோ டோக்கனோ வெளியிடக் கூடாது என்றது. மீறினால் 500 டாலர் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நேராகப் படித்தால் சட்லர் வில்லை இதில் அகப்பட வேண்டும். ஆனால் சரக்குக்கு மட்டுமே செல்லும் சீட்டு பணமாகுமா? போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இதே சட்டத்தின் கீழ் மிச்சிகனின் பேங்கர் என்ற ஊரின் இரும்பு உலை நிறுவனத்தின் சீட்டு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. கொண்டுவருபவருக்குத் தன் கடையில் 50 சென்டுக்குச் சரக்கு தருவதாக அந்த நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது. ‘அமெரிக்க அரசு எதிர் வான் ஆக்கன்’ என்ற அந்த வழக்கில், சரக்காகத் தரப்படுவது சட்டம் தடுத்த பணக் கடப்பாடு அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்ட நுணுக்கமாக அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். குற்றவியல் சட்டத்தைக் குறுக்கிப் படிப்பது நீதிமன்றத்தின் கடமை. ஆனால் அதன் விளைவை வீரனின் பக்கத்திலிருந்து பாருங்கள். பணமாக மாற்றித் தருவேன் என்று நேர்மையாக வாக்குக் கொடுக்கும் வணிகர் குற்றவாளி. சரக்குதான் தருவேன், பணம் தரமாட்டேன் என்பவர் தப்பித்துக்கொள்கிறார். வாங்கியவனைக் கூடாரத்துக்குள் பூட்டிய அதே வாசகம், வெளியிட்டவரைச் சிறைக்கு வெளியே வைத்தது. கூலியை நாணயமாகத்தான் கொடுக்க வேண்டும், சரக்காகவோ முதலாளி கடையின் சீட்டாகவோ கொடுக்கக் கூடாது என்று பிரிட்டன் 1831லேயே சட்டம் போட்டிருந்ததை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ஆலைத் தொழிலாளிக்கு அங்கே கிடைத்த அந்தக் காப்பு, தன் நாட்டைக் காக்கப் போன சிப்பாய்க்கு இங்கே கிடைக்கவில்லை.

சட்லரின் சார்பில் சொல்லத்தக்கவற்றுள் மிக வலுவானது கடன் பற்றியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் தர வேண்டும் என்பது விதி. நடைமுறையில் சம்பள அதிகாரி நான்கு மாதம், ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேல் வராமலே இருந்தார். கையில் காசில்லாமல், காய்ச்சலோடு கிடக்கும் ஒருவனுக்கு ஓர் எலுமிச்சம்பழமும், வீட்டுக்குக் கடிதம் எழுத ஒரு தாளும் சம்பளம் வரும்வரை கடனாகக் கிடைத்தது சிறிய உதவியல்ல. அந்தக் கடனைக் கொடுக்க அரசு முன்வரவில்லை, சட்லர் முன்வந்தார். இதை மறைத்துவிட்டு அவரைக் குற்றம் சாட்டுவது நேர்மையாகாது.

ஆனால் கடன் கொடுத்தார் என்பது வேறு, கடனை வில்லையாகக் கொடுத்தார் என்பது வேறு. எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டுப் பற்றேட்டில் எழுதிக்கொண்டால் கணக்கில் பொருள் இருக்கும், விலை இருக்கும், தேதி இருக்கும். நாளைக்குத் தகராறு வந்தால் கம்பெனித் தலைவர் ஏட்டைப் பார்த்து நியாயம் சொல்லலாம். இரண்டு டாலருக்கு வில்லை கொடுத்துவிட்டு இரண்டு டாலர் என்று எழுதிக்கொண்டால் கணக்கில் எஞ்சுவது ஒரு தொகை மட்டும். அதைக்கொண்டு வீரன் எதை வாங்கினான், என்ன விலைக்கு வாங்கினான், பட்டியலில் உள்ள பொருளா, பின்பக்கம் கைமாறிய விஸ்கியா என்பதற்குத் தடயம் இராது. 1862 மார்ச் சட்டம் விலைப்பட்டியலைக் கடையில் தொங்கவிடச் சொன்னது, விற்கத்தக்க பொருள்களை வரையறுத்தது, விற்ற பொருளுக்கு மட்டும் சம்பளத்தின் மீது உரிமை கொடுத்தது. கடனையும் பொருளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டதால், வில்லை இந்த மூன்று காவலையும் தாண்டிச் செல்ல வழி வைத்தது. எல்லாச் சட்லரும் அந்த வழியில் போனார்கள் என்பது என் வாதமன்று. வழியைத் திறந்துவைத்த கருவி அது என்பதே என் வாதம். விலையும் அதே கையில்தான் இருந்தது. வில்லை கொடுத்த பிறகு பட்டியலில் விலை ஏறினால், முன்பே கடன்பட்டுவிட்ட வீரன் ஏறிய விலைக்கே வாங்க வேண்டும். வட்டி என்று ஒன்றை எழுதாமலே வட்டி வாங்க இதைவிட எளிய முறை இல்லை.

சம்பளத்தின் மீதான அந்த உரிமையின் வரலாறே தனியாகப் படிக்கத்தக்கது. வீரர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே குடும்பத்துக்கு அனுப்ப வழிசெய்யும் சட்டம் 1861 டிசம்பர் 24இல் நிறைவேறியது. அதற்காக வாஷிங்டனில் பாடுபட்டவர்களுள் ஒருவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான தியடோர் ரூஸ்வெல்ட்டின் தந்தை. அவர் பிறகு பாளையம் பாளையமாகப் போய் வீரர்களிடம் பேசி அதில் கையெழுத்து வாங்கினார். அதே சட்டம், சம்பளத்தில் சட்லருக்கு இருந்த பிடிமானத்தையும் நீக்கியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 19ஆம் தேதிச் சட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. வரம்பு மட்டும் மாதச் சம்பளத்தில் ஆறில் ஒன்றாகக் குறைந்தது. 13 டாலரில் அது ஏறத்தாழ 2 டாலர் 17 சென்ட். பெரிய தொகையில்லை என்று தோன்றலாம். ஆயிரம் பேருக்குக் கணக்கிட்டால் மாதம் 2,000 டாலருக்கு மேல், அரசின் சம்பள அதிகாரியே பிடித்துக் கொடுக்கும் உத்தரவாதத்தோடு. அந்தக் காலத்தில் இப்படி ஒரு வசூல் வசதி எந்த ஊர்க் கடைக்காரருக்கும் வாய்த்ததில்லை. குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் சட்டமும் கடைக்காரருக்குப் பிடித்துக் கொடுக்கும் சட்டமும் ஒரே சம்பளத்தின் இரு முனைகளை இழுத்தன. வில்லை எந்த முனையில் இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆபத்து என்ற வாதத்தை விரைவாகவே முடித்துவிடலாம். சட்லரின் தொழில் ஆபத்தானதுதான். தெற்குப் படையின் மோஸ்பி போன்றவர்களுக்குச் சட்லர் வண்டிகள் விருப்பமான கொள்ளைப் பொருள். 1862 டிசம்பர் 20இல் தெற்குத் தளபதி வான் டோர்ன் மிசிசிப்பியின் ஹாலி ஸ்பிரிங்ஸில் புகுந்து வடக்குத் தளபதி கிராண்ட்டின் கிடங்குகளை அழித்தபோது வணிகர்களின் சரக்கும் தப்பவில்லை. சொந்த ரெஜிமென்ட்டின் வீரர்களே இரவில் கூடாரக் கயிற்றை அறுத்துச் சரக்கை அள்ளிப் போனதும் உண்டு. வெறுப்பு அந்த அளவுக்கு முற்றியிருந்தது. இவையெல்லாம் விலை ஏன் அதிகம் என்பதற்கு விடை. பணம் ஏன் மாற்ற முடியாததாக இருந்தது என்பதற்கு விடையல்ல. விலையில் ஆபத்துக்குக் கூலி வாங்கியவர், வில்லையிலும் இன்னொரு முறை வாங்கினார்.

இனி, நமக்கு இந்தச் செய்திகளைக் கொடுத்தவர்களைப் பற்றி. போர்க் கால டோக்கன்களை ஒழுங்குபடுத்தித் தந்தவர்கள் ஜார்ஜ் ஃபல்டும் மெல்வின் ஃபல்டும். பிரான்சிஸ் லார்ட் 1969இல் சட்லர்களையும் அவர்களின் சரக்கையும் பற்றித் தனிநூல் எழுதினார். டேவிட் ஷெங்க்மன் சட்லர்களின் உலோக வில்லைகளையும் அட்டைச் சீட்டுகளையும் தொகுத்தார். இவர்கள் இல்லையென்றால் எந்த ரெஜிமென்ட்டில் எந்தச் சட்லர் என்ன மதிப்பில் எந்த உலோகத்தில் வெளியிட்டார் என்பது இன்று தெரியாமலே போயிருக்கும். சின்சினாட்டியில் முத்திரை வெட்டிய ஜான் ஸ்டாண்டன் தம் பெயரையும் வில்லையின் ஒரு பக்கத்தில் பொறித்துக்கொண்டவர். மேற்கு முனைப் படைகளின் வில்லைகளில் எத்தனையோ அவர் பட்டறையிலிருந்து வந்தவை என்று நாம் உறுதியாகச் சொல்வது சேகரிப்பாளர்களின் உழைப்பால்தான். பித்தளையை வெட்டத் தரமான அச்சு, சுத்தமான எழுத்து, நேர்த்தியான விளிம்பு. கைவினையாக அவை பார்க்கத்தக்கவை. நான் அவற்றின் அழகை மறுக்கவில்லை.

ஆனால் சேகரிப்பின் ஒழுங்கு வேறு, வரலாற்றின் ஒழுங்கு வேறு. ஃபல்ட் அளவையில் ஒரு வில்லையின் அருமை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணால் குறிக்கப்படுகிறது. எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பதே அந்த எண். எத்தனை வெளியிடப்பட்டன, எத்தனை திரும்பி வந்து சரக்காயின, எத்தனை வாங்கியவனிடமே வீணாயின என்பது அதில் வராது. வெளியிட்டவரின் பெயர் வில்லையில் இருக்கிறது, அச்சு வெட்டியவரின் பெயர்கூட இருக்கிறது. வாங்கியவனின் பெயர் வேறெங்கோ, சம்பளப் பட்டியலில் ‘சட்லருக்குச் சேர வேண்டியது’ என்று தொகை எழுதும் பத்தியில் கிடக்கிறது. வில்லையை மட்டும் வைத்து எழுதினால், எழுதுகிறவர் நேர்மையானவராக இருந்தாலும், கதை வெளியிட்டவரின் கதையாகவே வரும். ‘நெருக்கடிக் காலப் பணம்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

சட்லரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் தவறு. முதல் குற்றம் அரசினுடையது. சம்பளத்தை உரிய காலத்தில் கொடுத்திருந்தால் கடனுக்கு அவசியம் பாதியாகக் குறைந்திருக்கும். ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஒரே கடை என்று ஏகபோகத்தைச் சட்டமாக்கியதும், அதன் வசூலுக்குச் சம்பள அதிகாரியை அனுப்பியதும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான். வேறு வழியே இல்லையா என்ற கேள்விக்கு அதே காங்கிரஸ் போர் முடிந்த அடுத்த ஆண்டு விடை சொன்னது. 1866 ஜூலை 28ஆம் தேதிச் சட்டம், 1867 ஜூலை முதல் தேதியிலிருந்து சட்லர் பதவியை ஒழித்தது. உணவுத் துறையே வேண்டிய பொருள்களைக் கொள்முதல் விலைக்கு வீரர்களுக்கு விற்க வேண்டும். உடனே பணம் கொடுக்க முடியாதவனுக்குக் கணக்கு எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது. கடன் உண்டு, வில்லை இல்லை, லாபம் இல்லை. வீரனுக்குக் கடன் கொடுக்க வில்லை தவிர்க்க முடியாதது என்ற வாதத்துக்கு இந்த ஒரு சட்டமே போதுமான மறுப்பு. போரின் நடுவில் இதைச் செய்வது எளிதாக இருந்திருக்காது என்பதும் உண்மைதான். ஆனால் லட்சக்கணக்கானோருக்கு மாட்டிறைச்சியும் காப்பியும் ரயிலேற்றி அனுப்பிய துறைக்கு, ஊசியும் எலுமிச்சம்பழமும் மட்டும் எட்டாதவையாக இருந்தன என்பதை நான் நம்பவில்லை.

அந்த நல்ல சட்டமும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. எல்லைப்புறக் கோட்டைகளுக்கு 1867இலேயே விலக்கு வந்தது. 1870இல் கோட்டை வணிகரை நியமிக்கும் அதிகாரம் போர்த்துறை அமைச்சரின் கைக்குப் போயிற்று. ஒரே கடை என்ற ஏகபோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்பது 1876இல் உலகத்துக்குத் தெரிந்தது. ஃபோர்ட் சில் கோட்டையில் கடை நடத்திய ஜான் எவன்ஸ், தம் உரிமத்தைக் காத்துக்கொள்ள ஆண்டுக்கு 12,000 டாலர் இன்னொருவருக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்திருந்தார். அதில் ஒரு பங்கு போர்த்துறை அமைச்சர் வில்லியம் பெல்க்னாப்பின் குடும்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பெல்க்னாப் 1876 மார்ச் 2இல் பதவி விலகினார். பிரதிநிதிகள் சபை அவர்மீது குற்றச்சாட்டு நிறைவேற்றியது. செனட்டில் போதிய வாக்கு இல்லாமல் தப்பினார். அந்த 12,000 டாலரை எவன்ஸ் எங்கிருந்து எடுத்திருப்பார்? கோட்டையில் வேறு கடைக்குப் போக வழியில்லாத சிப்பாய்கள் கொடுத்த விலையிலிருந்துதான். கோட்டை வணிகர்களும் டோக்கன் வெளியிட்டார்கள். அப்போது நாட்டில் போர்க் காலத்துச் சில்லறைப் பஞ்சம் இல்லை.

என் தீர்ப்பு இது. 1862 கோடையிலிருந்து அரசுச் சில்லறை பாளையங்களை எட்டும்வரை, மீதிப் பணமாகக் கொடுக்கப்பட்ட அளவில், சட்லர் வில்லை நியாயமான ஏற்பாடு. சம்பளத்தின் மீது முன்கடனாகக் கொடுக்கப்பட்ட அளவில் அது பணமே அல்ல. வாங்கியவனை ஒரே கடைக்குக் கட்டிப்போட்டு, அவன் கடனின் விவரத்தை மறைத்து, வசூலுக்கு அரசின் கையைப் பயன்படுத்திய கடன் பத்திரம் அது. முதல் பயன் சில மாதங்களுக்கு உரியது. இரண்டாவதன் வேர் அதற்கு முன்பே இருந்தது, பின்னும் நீண்டது. ஆகவே தராசு இரண்டாவது பக்கம் தாழ்கிறது.

இந்த வில்லைகளைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களுக்கும், விற்கும் ஏலக்கடைகளுக்கும், இவற்றைப் பற்றி எழுதும் நாணயவியலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 25 சென்ட் பித்தளை வில்லை ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும்போது, அதே ரெஜிமென்ட்டின் சம்பளப் பட்டியலில் சட்லருக்குப் பிடிக்கப்பட்ட தொகைகள் உள்ள பக்கத்தின் நகலையும் பக்கத்தில் வையுங்கள். அந்தப் பட்டியல்களை வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் தேடலாம்.